எட்டுக் குடம் தண்ணீர்

ஸ்பெயின் நாட்டில் வாலென்சியா என்று ஒரு நகரம். அங்கே பெரிய மாதா கோவிலுக்கு அருகே ஒரு நீரூற்று இருக்கிறது. நடுவில் வாட்டசாட்டமான ஒரு மனிதர் சாய்ந்து படுத்திருக்கிறார். சுற்றிலும் எட்டுப் பெண்கள். அவர்களுடைய குடங்களிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

படுத்திருப்பவர் யார் தெரியுமா? அவர்தான் துரியா ஆறு! எட்டுப் பெண்களும் அந்த ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்கள். மனுவல் சில்வெஸ்ட்ரே என்ற சிற்பி செய்த இந்தச் சிலைகளை 1976-ல் வைத்தார்கள்.

ஆனால், அப்போது ஆறு ஊருக்குள் இல்லை!

1957 அக்டோபரில் பெருவெள்ளம் வந்தது. 80 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு ஊருக்குத் தெற்கே புதிதாக வெட்டி, ஆற்றை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப் படுகை இன்று பூங்கா.

"ஆற்றை விரட்டிவிட்டா சிலை வைத்தார்கள்?" என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பது நியாயம் அல்ல. நகரை எட்டுவதற்கு முன்பே வாய்க்கால்கள் பிரிந்துவிடுகின்றன. ஆரஞ்சும் காய்கறியும் இன்றும் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன.

கோவில் வாசலில் கோர்ட்டு

ஆற்றுக்கு உண்மையான மரியாதை சில அடி தூரத்தில், கோவில் வாசலில் நடக்கிறது. வியாழக்கிழமை பகல் 12 மணிக்கு, கறுப்பு அங்கி அணிந்த எட்டுப் பேர் அங்கே வட்டமாக உட்காருகிறார்கள். வாய்க்காலுக்கு ஒருவராக விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். முறை தவறித் தண்ணீர் பாய்ச்சியது, வாய்க்காலைச் சுத்தம் செய்யாதது போன்ற வழக்குகள் வரும். வக்கீல் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சுதான். அப்பீலும் இல்லை!

எந்த வாய்க்கால்காரர் மீது புகாரோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். தன் ஆளுக்குச் சலுகை காட்ட வழியே இல்லை. பல நூற்றாண்டாக நடக்கும் இந்தப் பஞ்சாயத்தை 2009-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வமாக ஏற்றது.

அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வயல் இருந்தால்தானே வாய்க்காலுக்கு வேலை! நகரம் வளர வளர, வயல்கள் வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டன. மிச்சத்தைக் காக்க 2018-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். நாற்பது வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

ரொவேலா வாய்க்காலின் நிலங்களை அநேகமாக நகரமே விழுங்கிவிட்டது. ஆனாலும் வியாழக்கிழமை தோறும் கோர்ட்டுச் சேவகர் அந்தப் பெயரையும் உரக்கக் கூப்பிடுகிறார். நீரூற்றில் ரொவேலாவின் பெண்ணும் மற்ற ஏழு பேரைப் போலத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறாள்.