வெறும் பெட்டியின் விலை

கோலாலம்பூர், புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவில் மடிக்கணினிகளின் வரிசைக்குப் பக்கத்திலேயே உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டிகளும் விற்பனைக்கு இருக்கும். பார்ப்பதற்கு ஓர் உணவுப் பாத்திரம் போலத் தோன்றினாலும் அதுவும் கணினிதான். கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் புறப்பட்டு, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து மோனோரெயிலில் இம்பி நிலையத்துக்கு வந்து சேரும் ஒரு குடும்பம் அதன் விலைச்சீட்டைப் பார்த்தால் வியந்து நிற்கும். மடிக்கணினியைவிட இது மிகவும் மலிவாயிற்றே. மகளின் படிப்புக்கு இதையே வாங்கிவிடலாமே என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் தவறன்று. ஆனால், அவர்கள் பார்த்த விலை கணினியின் விலையன்று, பெட்டியின் விலை.

இவ்வகைப் பெட்டியைக் கடைக்காரர்கள் ‘பேர்போன்’ என்பர். எலும்பு மட்டும் என்பது அச்சொல்லின் பொருள். (தமிழில் நாம் சொல்லும் ‘பேர்போன’ என்பதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.) இதற்குள் தாய்ப்பலகை இருக்கும்; பெரும்பாலும் நுண்செயலியும் அதனோடு பொருத்தப்பட்டிருக்கும்; வெளியே மின்சாரம் தரும் அடாப்டரும் கிடைக்கும். நினைவகம் இராது, சேமிப்பகம் இராது, இயங்குதளமும் இராது. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சிலவற்றில் நுண்செயலியும் இராது. ஆஸ்ராக் நிறுவனத்தின் டெஸ்க்மினி அப்படிப்பட்டது. சுவரும் கூரையும் எழுப்பிவிட்டுக் கதவையும் சன்னலையும் வாங்குபவரிடமே விட்டுவிடும் வீட்டைப் போன்றது இது.

இந்தக் கருத்து புதியதன்று. தைவானைச் சேர்ந்த ஷட்டல் நிறுவனம் 2001ஆம் ஆண்டிலேயே காலணிப்பெட்டி அளவில் இத்தகைய கணினிகளை விற்கத் தொடங்கியது. பின்னர் இன்டெல் நிறுவனம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் சதுரத் தாய்ப்பலகையைக் கொண்டு ‘நக்’ எனும் வரிசையை வெளியிட்டது. அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில் திறந்த அதே இன்டெல்தான். 2023 ஜூலையில் இன்டெல் இவ்வரிசையிலிருந்து விலகிக்கொள்ள, ஆசுஸ் நிறுவனம் அதனை ஏற்று நடத்துகிறது. இன்று பெயர் தெரிந்ததும் தெரியாததுமாகப் பல நிறுவனங்கள் இத்தகைய பெட்டிகளைச் செய்கின்றன. ஆகவே, வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது வேகத்தைப் பற்றியன்று. மலேசியாவில் இதற்கு உத்தரவாதம் தருபவர் யார் என்பதைத்தான்.

அடுத்துக் கேட்க வேண்டியது நினைவகத்தைப் பற்றி. பள்ளிப் பாடங்களுக்கும் இணைய வகுப்புக்கும் கட்டுரை எழுதுவதற்கும் 8 ஜிகாபைட் போதும். 16 இருந்தால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. இவ்வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் மடிக்கணினிக்குரிய சிறிய நினைவகப் பலகைதான் பொருந்தும். அதிலும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. இரண்டிலும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருக முடியாது. நுண்செயலியின் பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் இங்கேதான் ஏமாறுவர். இன்டெல் 2023இல் வெளியிட்ட என்100 என்ற நுண்செயலி இரண்டு வகைகளையும் ஏற்கக்கூடியது. எந்த வகைக்கு இடம் வைப்பது என்பதைப் பெட்டியைச் செய்த நிறுவனம் முடிவு செய்கிறது. சில பெட்டிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்தே விடுகிறார்கள். அப்படியானால் பின்னாளில் அதைக் கூட்டவும் முடியாது. கெட்டால் மாற்றவும் முடியாது.

மலிவான பெட்டி மலிவான கணினியாகாமல் போவதற்கு நினைவகமே முதற்காரணம். 2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவித்ததே அதற்குக் காரணம். அத்தகைய மையங்கள் நம் நாட்டில் ஜொகூரிலும் அடுக்கடுக்காக எழும்பி வருகின்றன. எங்கோ ஒரு பெரிய நிறுவனம் செய்யும் கொள்முதல், கிள்ளானில் ஒரு மாணவி வாங்கவிருக்கும் சிறு பலகையின் விலையைக் கூட்டிவிடுகிறது. எனவே, பெட்டியின் விலையோடு நினைவகம், சேமிப்பகம், இயங்குதள உரிமம் ஆகியவற்றின் அன்றைய விலையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட வேண்டும். கூட்டிப் பார்த்தால் சில வேளைகளில் மடிக்கணினியே மலிவாக இருக்கும்.

அப்படியானால் இப்பெட்டியை யார் வாங்கலாம்? வீட்டில் ஏற்கெனவே ஏதேனும் இருப்பவர்கள் வாங்கலாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, இணையவழிக் கற்றலுக்காக அவசர அவசரமாக மடிக்கணினி வாங்கிய குடும்பங்கள் பல. அவற்றுள் திரை உடைந்தும் மின்கலம் செயலிழந்தும் அலமாரியில் உறங்குபவை எத்தனையோ! அத்தகைய மடிக்கணினியின் நினைவகமும் சேமிப்பகமும் நல்ல நிலையில் இருக்கக்கூடும். அவை பற்றவைக்கப்படாமலும் வகை பொருந்துவதாகவும் இருந்தால், கழற்றி இப்பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம். திரைக்குக்கூடப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை, எச்.டி.எம்.ஐ. துளை உள்ள தொலைக்காட்சியே போதும். வெறும் பெட்டி இப்போதுதான் உண்மையில் மலிவாகிறது. பழைய பொருளும் குப்பைக்குப் போவதில்லை. மின்னணுக் கழிவு மலேசியச் சட்டப்படி 2005 முதல் அட்டவணையிடப்பட்ட கழிவு என்பதால், வீட்டுக் குப்பையோடு சேர்த்து எறியத் தக்கதும் அன்று.

இயங்குதளத்திலும் இதே சிக்கனம் இயலும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உரிமத்துக்குத் தனியே பணம் வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளமோ இலவசம். தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்று தயங்க வேண்டியதில்லை. தமிழ்99 விசைமுகம் அதிலும் கிடைக்கிறது. கணினியில் தமிழை எழுத வைத்த முன்னோடிகளுள் ஒருவரான முத்து நெடுமாறன் மலேசியர். அவருடைய முரசு அஞ்சல் 1980களிலேயே தோன்றியது. அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் மலிவான உரிமக் குறியீடு என்று இணையத்தில் விற்கப்படும் ஐயத்துக்குரியவற்றை நாட வேண்டிய தேவை என்ன?

பொருத்தும் வேலையைக் கடைக்காரரே செய்து தருவார் என்பது உண்மைதான். ஆயினும் அதை வீட்டிலேயே செய்வது நல்லது. மின்செருகியைக் கழற்றிவிட்டு, உலோகம் ஒன்றைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். பெட்டியின் அடியிலுள்ள திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றினால் மூடி வந்துவிடும். நினைவகப் பலகையைச் சாய்வாகச் செருகி, இருபுறமும் உள்ள கவ்விகள் ‘கிளிக்’ என்று பிடிக்கும்வரை மெதுவாக அழுத்த வேண்டும். சூயிங்கம் வில்லை போன்ற 22 மில்லிமீட்டர் அகலச் சேமிப்பகத்தையும் அவ்வாறே செருகி, ஒரே ஒரு சிறு திருகாணியால் இறுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. நான்காம் படிவ மாணவர் ஒருவருக்கு இது கடினமன்று. பல வீடுகளில் திருப்புளி மகனின் கைக்கே போகிறது. மகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாருடைய படிப்புக்காகக் கணினி வாங்கப்படுகிறதோ அவர் கையில்தான் திருப்புளி இருக்க வேண்டும். ஒருமுறை திறந்து பார்த்தவர், மூன்று ஆண்டுகளுக்குப் பின் கணினி மெதுவானால் புதியது கேட்டு நிற்கமாட்டார், காற்றாடியில் படிந்த தூசியைத் துடைப்பார், நினைவகத்தைக் கூட்டுவார்.

இப்பெட்டிக்குக் குறைகளும் உண்டு. இதில் ஒளிப்படக் கருவியோ ஒலிவாங்கியோ இல்லாததால் இணைய வகுப்புக்கு அவற்றைத் தனியே வாங்க வேண்டும். மின்கலம் இல்லாததால் கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை நேர இடிமழையில் மின்சாரம் போனால், சேமிக்காத கட்டுரையும் அதோடு போய்விடும். பள்ளிக்கும் நூலகத்துக்கும் கணினியைச் சுமந்து செல்ல வேண்டிய மாணவர்க்கு மடிக்கணினியே ஏற்றது. வீட்டில் திரையும் இல்லை, பழைய பாகமும் இல்லை, திறந்து பார்க்கும் ஆர்வமும் இல்லை என்றால், வெறும் பெட்டியை வாங்குவது வீண்செலவு. மறுபுறம், அடுக்குமாடி வீட்டின் சிறிய மேசையில் இது இடத்தை அடைக்காது. பலவற்றைத் திரையின் முதுகிலேயே மாட்டிவிடலாம். என்100 போன்ற நுண்செயலி கொண்டது சும்மா இருக்கும்போது ஓர் எல்.இ.டி. விளக்கின் அளவு மின்சாரத்தையே உண்ணும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானின் சில பகுதிகளிலும் வெள்ளம் புகுந்ததைக் கண்டவர்களுக்கு இன்னொரு நன்மையும் புரியும்: ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடலாம்.

வாங்குவது என்று முடிவான பின், விலை சற்றுக் கூடினாலும் எல்லாப் பாகங்களையும் ஒரே கடையில் வாங்குவது மேல். மூன்று கடைகளில் வாங்கிய பாகங்கள் ஒன்றுசேர்ந்து இயங்காவிட்டால், ஒவ்வொரு கடைக்காரரும் மற்றவரைக் கைகாட்டுவார். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால், அங்கே பேசப்போவது ரசீதுதான். ‘மினி கணினி - 1’ என்று மட்டும் எழுதிய ரசீது எதையும் சொல்லாது. பெட்டியின் மாதிரி எண், நினைவகத்தின் வகையும் அளவும், சேமிப்பகத்தின் அளவு, உத்தரவாதக் காலம் ஆகியவற்றைக் கடையைவிட்டு வெளியேறும் முன்பே எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.