மாண்டபின் லட்சமா, வாழ்கையில் சுண்ணாம்பா?

பனி பொழியும் நாடுகளிலே, கரி எரிக்காமல் இல்லத்தைச் சூடாக்குவது எப்படி என்று ஆராய்கின்றனர். திருவொற்றியூர்த் தொழிலாளிக்கு அக்கவலை ஏது? கத்திரி வெயிலும் தகரக் கூரையும் அவன் இல்லத்தை அடுப்பாகவே ஆக்கிவிடுகின்றனவே!

அண்டையில் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரியை எரித்தது. வடசென்னை நிலையம் இன்றும் எரிக்கிறது. மின்சாரம் மாளிகைகளின் குளிர்சாதனத்துக்கு. சாம்பலோ மீனவரின் கொசஸ்தலை ஆற்றுக்கு! இதுவா நீதி?

வெண்சுண்ணாம்பு பூசிய கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். கரி வேண்டா, மின்சாரமும் வேண்டா. மழை கரைத்தால் மறு கோடையில் மீண்டும் பூசலாம்.

2024 அக்டோபரில் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்த தமிழக அரசு, அதனால் மாண்டோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்கிறோம். எனினும், உயிர் போனபின் தரும் லட்சத்தினும், உயிரோடிருக்கையில் தரும் ஒரு வாளி சுண்ணாம்பு மேலன்றோ? மாநகராட்சியிடம் வார்டுதோறும் கேட்போம்: கோடைக்கு முன் ஏழையின் கூரை வெளுக்கட்டும்!