பூமியும் ஒலிபரப்புகிறது!



குசினியில் அரிசியை உலையில் போட்டுவிட்டு, முன்னறையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். சோறு பொங்கப் போகிறது என்பதை எழுந்து போய்ப் பார்த்தா தெரிந்துகொள்கிறீர்கள்? மூடி தடதடக்கும் சத்தமே சொல்லிவிடுகிறதல்லவா? நமது பூமியைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் பரந்திருக்கும் காந்தக்கோளம் கொந்தளிப்பதையும் விஞ்ஞானிகள் ஏறக்குறைய இப்படித்தான் அறிகிறார்கள்.

சூரியனிலிருந்து மின்னேற்றமுள்ள துணிக்கைகள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். பூமியின் காந்தப்புலம் அதைத் தடுத்து விலக்குகிறது. ஆனாலும் அக்காற்றின் சக்தியில் ஒரு பகுதி, பூமியின் இரவுப் பக்கத்தில் வால்போல் நீண்டு கிடக்கும் காந்தப்புலத்தில் சேர்கிறது. அது திடீரென விடுபடும்போது இலத்திரன்கள் துருவங்களை நோக்கிப் பாய்கின்றன. அவை வளிமண்டலத்தில் மோதுவதால் தோன்றுவதே பச்சையும் சிவப்புமான துருவ ஒளி.

அந்த ஒளிக்கு மேலே, சில ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில், அதே இலத்திரன்கள் வானொலி அலைகளையும் எழுப்புகின்றன. இவற்றின் மீடிறன் பெரும்பாலும் 50 முதல் 500 கிலோஹேர்ட்ஸ் வரை. அதாவது நம் வீட்டு வானொலியின் மத்திய அலைக்குச் சற்றுக் கீழே. அப்படியானால் நமக்கு ஏன் கேட்பதில்லை? வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அயன் மண்டலம் இந்த அலைகளைக் கீழே வரவிடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஆகவே, செய்மதிகள் மேலே சென்ற பிறகுதான் இந்த ஒலிபரப்புத் தெரியவந்தது. 1964இல் ஏவப்பட்ட சோவியத் செய்மதிகள் இதனை முதலில் பதிந்தன. 1974இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கர்னெற், இதன் வலு உச்சநேரத்தில் 100 கோடி வாற் வரை செல்வதாகக் கணித்தார். நமது நுரைச்சோலை மின்நிலையத்தின் முழுக் கொள்ளளவே 900 மெகாவாற்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்!

1977இல் கர்னெற்றும் அவரது சகாக்களும் மற்றொன்றையும் எடுத்துக் காட்டினர். தரையிலுள்ள காந்தமானிகள் துருவப் பகுதியில் குழப்பத்தைக் காட்டும் வேளைகளில் இந்த வானொலி இரைச்சலும் உயர்கிறது. முகில் மூடினாலும் பகல் வெளிச்சமானாலும் துருவ ஒளியைத் தரையிலிருந்து காண முடியாது. வானொலி அலைக்கு அந்தத் தடையில்லை. மேலும், பூமிக்கு அருகே காந்தப்புலம் வலிமையானது, அங்கு பிறக்கும் அலையின் மீடிறன் அதிகம். உயரே போகப்போக இரண்டும் குறையும். எனவே மீடிறனைக் கொண்டே அலை எழுந்த உயரத்தையும் கணிக்கலாம்.

ஒரு குறையும் உண்டு. இந்த அலைகள் எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவுவதில்லை. செய்மதி பகல் பக்கத்தில் நின்றால் கொந்தளிப்பு நடந்தும் சத்தம் குறைவாகவே கேட்கலாம். அதனால் காந்தமானிகளையும் கைவிட முடியாது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று நினைக்கிறீர்களா? 1989 மார்ச் 13ஆம் திகதி அதிகாலை, கடும் காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாண மின்வலையமைப்பு ஒன்றரை நிமிடத்தில் விழுந்தது. சுமார் 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றிக் குளிரில் தவித்தனர். 2024 மே மாதப் புயலின்போது அமெரிக்காவில், செய்மதி வழிகாட்டலை நம்பி ஓடிய உழவு இயந்திரங்கள் தடம் மாறின.

துருவ ஒளி நம் நாட்டு வானில் தெரிவதில்லைதான். ஆனால் நமது கைத்தொலைபேசி வழிகாட்டுவதும் அதே செய்மதிகளை நம்பித்தான். தூரத்துக் கொந்தளிப்பை நேரத்தோடு அறிந்தால், மின்வலையமைப்பையும் செய்மதியையும் காக்க வழியுண்டு. பிள்ளைகள் வானொலிப் பெட்டியைத் திருகி விளையாடும்போது, அந்த ஊசி நிற்கும் இடத்துக்குக் கீழே நமது பூமியும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.