வீட்டுக்கு எந்த செல்போன்?

கேள்வி: "மிளகாய் விற்ற பணத்தில் புது செல்போன் வாங்க 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். முழுப் பணத்துக்கும் ஒரே போன் வாங்கலாம் என்கிறான் காரைக்குடியில் கல்லூரி படிக்கும் மகன். மாமனாரின் பட்டன் போன் பழுதாகிவிட்டது. எனக்குத் தனியாக போன் கிடையாது. நிலம் என் பெயரில் இருக்கிறது. என் ஆதாரில் இருப்பதோ சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவரின் பழைய நம்பர். எப்படிப் பிரித்து வாங்குவது?"
- ஒரு வாசகி, கல்லல்

பதில்: போனுக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது நம்பர். பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வருகிறது. இதற்கு இ-கே.ஒய்.சி. கட்டாயம். அதற்கான ஓ.டி.பி. ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் போகும். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பெறவும் இதே ஓ.டி.பி. தேவை. சிங்கப்பூரில் அணைந்து கிடக்கும் சிம்முக்கு வரும் ஓ.டி.பி.யால் கல்லலில் பயனில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் கையில் ஒரு நம்பர் இருக்க வேண்டும். ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றிவிட்டு, வங்கியிலும் மாற்றிவிடுவது நல்லது. அதுவரை, பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டியோ, பொது சேவை மையத்தில் கைரேகை வைத்தோ இ-கே.ஒய்.சி.யை முடிக்கலாம்.

மாமனாருக்கு (சுமார் 2,000 ரூபாய்): பெரிய எழுத்து, உரத்த சத்தம், டார்ச் உள்ள 4ஜி பட்டன் போன் போதும். ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லாததால், 2ஜி போனில் அந்த சிம் வேலை செய்யாது. வாங்குமுன், பக்கத்து வயல்காரரின் போனைக் கிணற்றடியில் வைத்து எந்த சிம்முக்கு சிக்னல் கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மோட்டாருக்கு சிம் போட்ட ஸ்டார்ட்டர் வைத்திருந்தால், பட்டன் போனிலிருந்து அழைத்தே இயக்கலாம். 1800 180 1551 என்ற உழவர் உதவி மைய எண்ணில் காலை 6 முதல் இரவு 10 வரை தமிழில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

நிலம் வைத்திருப்பவருக்கு (சுமார் 10,000 ரூபாய்): குறைந்தது 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு, 5,000 எம்.ஏ.எச். பேட்டரி. கேமராவின் மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கடையிலேயே ஓர் இலையை அருகில் வைத்துப் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நரம்பு தெளிவாகத் தெரிந்தால்தான் நாளை மிளகாய் இலைப்பேனைப் படமெடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்ப முடியும். வெயிலில் திரை தெரிகிறதா என்றும் வாசலுக்கு எடுத்துவந்து பார்க்கவும். பெட்டியில் ஐ.பி. 54 என்று இருந்தால் தூசியையும் நீர்த்தெறிப்பையும் தாங்கும். கண்மாயில் விழுந்தால் தாங்காது. இதில் முதலில் ஏற்ற வேண்டியவை இரண்டு: வானிலை, சந்தை விலை, மானியம் அறிய 2018-இல் தமிழக அரசு கொண்டுவந்த 'உழவன்' செயலி, இடி மின்னலை முன்கூட்டி எச்சரிக்கும் 'தாமினி' செயலி.

மகனுக்கு (மீதி 13,000 ரூபாய்): படிப்புக்கு இந்த விலையிலுள்ள 5ஜி போன் போதும். எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேட்டு வாங்கட்டும்.

பழைய போன் வாங்குவதாக இருந்தால், *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, கே.ஒய்.எம். என்பதன் மூன்று ஆங்கில எழுத்துக்களுக்குப் பின் இடைவெளி விட்டு, 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். எண் முடக்கப்பட்டதாகப் பதில் வந்தால் அந்த போன் வேண்டாம். பில் இல்லாமல் எந்த போனையும் வாங்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. 'பி.எம். கிசான் பணம் வந்திருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடவே கூடாது. வங்கிக் கணக்கையே துடைத்துவிடும். புது போன் வாங்கிய அன்றே மாமனார் உட்பட எல்லோருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். பணம் போய்விட்டால், கூச்சப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.