வெண்புரைச் சிகிச்சை: கீறல் எந்தப் பக்கம்?

வெண்புரையை அகற்றி, உள்ளே வில்லையும் வைத்தாயிற்று. முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை எழுத்துக்கள் மட்டும் நிழலடித்தாற்போல் தெரிவதாக உம்மா சொல்கிறார். "ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது" என்று வீட்டில் உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பல வேளைகளில் உண்மை அதுவல்ல, சகோதரிகளே.

கண்ணின் முன்புறம் கோர்னியா என்ற தெளிந்த படலம் இருக்கிறது. அது பந்தைப் போல் எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருந்தால் பார்வை கூர்மையாகும். கரண்டியின் முதுகைப் போல் ஒரு வாட்டில் வளைவு கூடியும் மறு வாட்டில் குறைந்தும் இருந்தால் எழுத்துக்கள் கலங்கும். இதைத்தான் அஸ்டிக்மட்டிஸம் என்கிறார்கள்.

கோர்னியாவில் எங்கே கீறுகிறார்களோ, அந்த வாடு காயம் ஆறியபின் சற்றுத் தட்டையாகும். அதற்குக் குறுக்கான வாட்டில் வளைவு கூடும். முன்பு கண்ணின் மேற்புறத்தில் 10 முதல் 12 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டித் தைத்தார்கள். மேலிமை காயத்தை மூடிக் காக்கும் என்பது அதற்கொரு காரணம். ஆனால் வயதானவர்களில் பலருக்கு மேல்-கீழ் வளைவு ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். அங்கேயே வெட்டினால் குறை இன்னும் கூடும்.

1967இல் அமெரிக்க மருத்துவர் சார்ள்ஸ் கெல்மன், நுண்ணிய அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று அம்முறைக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் கீறலே போதும். பெரும்பாலும் தையலும் இல்லை. அதைக் காதுப் பக்கமாக, கண்ணின் வெளி ஓரத்தில் போடுவோர் பலர். கோர்னியா மேல்-கீழாக இருப்பதைவிடப் பக்கவாட்டில் சற்று அகலமானது. ஆகையால் அங்கே போடும் கீறல் பார்வையின் நடுவிலிருந்து தள்ளி நிற்கும். வளைவை அதிகம் கெடுக்காது. முதியவர்களுக்குப் பக்கவாட்டு வளைவு சிறிது தணிவது நன்மையாகவும் முடியும். எனவே டொக்டர் தலைமாட்டை விட்டுப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்தால் மிரள வேண்டாம்!

எல்லோருக்கும் ஒரே இடம் பொருந்தாது. சிலருக்கு மேல்-கீழ் வளைவே கூடுதலாக இருக்கும். அவர்களுக்கு மேற்புறக் கீறல் உதவலாம். குறை பெரிதென்றால் கீறலால் மட்டும் சரிக்கட்ட முடியாது. அதற்கென டோரிக் என்ற விசேட வில்லை உண்டு, விலை கூடியது.

ஆகவே சிகிச்சைக்கு முன்பே, "உம்மாவின் கோர்னியா வளைவை அளந்தீர்களா? எவ்வளவு? கீறல் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பழைய கண்ணாடிச் சீட்டையும் கொண்டு போங்கள்.

சிகிச்சை முடிந்த மறுவாரமே கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள். சிறிய கீறல் என்றாலும் வளைவு நிலைக்கச் சில வாரங்கள் செல்லும். பெரிய வெட்டுக்கு மாதங்கள் ஆகலாம். அதன்பின் மிஞ்சும் கலக்கத்தைக் கண்ணாடியால் திருத்தலாம். ஆனால் வலி, கடும் சிவப்பு, திடீரெனப் பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஏதும் கண்டால் அது வளைவுப் பிரச்சினை அல்ல. அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.