2,999 ரூபாயும் அத்தை பையன் லேப்டாப்பும்

மூணு வாரமா என் ஸ்டீம் கார்ட்டில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கு. பால்டர்ஸ் கேட் 3. விலை 2,999 ரூபாய். தினமும் ராத்திரி மெஸ்ஸில் இருந்து ரூமுக்கு வந்ததும் அதைத் திறந்து பார்ப்பேன். கொஞ்ச நேரம் வெறிச்சுப் பார்த்துட்டு மூடிடுவேன். இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்காவது இந்த வியாதி இருக்கும்னு தெரியும். அதனால வெட்கப்படாம எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1998-ல் கனடாவின் பயோவேர் கம்பெனி பால்டர்ஸ் கேட்னு ஒரு கேம் செஞ்சாங்க. மந்திரம், வாள், டிராகன், நாலஞ்சு பேர் கூட்டணி போட்டு ஊர் ஊரா சுத்துற கதை. 2000-ல் ரெண்டாம் பாகம் வந்தது. மூணாம் பாகம் வர்றதுக்கு 23 வருஷம் ஆச்சு. 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி, பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் ஸ்டுடியோஸ் அதை வெளியிட்டாங்க. அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருதும் அதுக்குத்தான். நான் பொறந்ததே அந்த 23 வருஷ இடைவெளியிலதான்.

எனக்கு அதில் பிடிச்சது அந்தப் பகடை. பூட்டைத் திறக்கணுமா, காவலாளிகிட்ட பொய் சொல்லணுமா, எதுக்கும் இருபது முகம் உள்ள பகடையை உருட்டணும். எங்க பாட்டி வீட்டுத் திண்ணையில் தாயம் விழாம காய் இறக்க முடியாம மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு இது புதுசு இல்லை.

பிரச்சினை லேப்டாப். அத்தை பையன் 2018-ல் வாங்கினது. அவன் வேலைக்குப் போனதும் எனக்கு வந்தது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 4 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 128 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். இடது பக்கம் ஹிஞ்ச் உடைஞ்சு டேப் ஒட்டியிருக்கு. பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும், அதுவும் நல்ல மூடில் இருந்தா.

கேம் கேக்கிற மினிமம் என்ன? ஐ5 4690, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 970, எஸ்எஸ்டியில் 150 ஜிபி இடம். பிராசசர் எப்படியோ தேறிடும். ராம் பார்டர் பாஸ். 1050 டிஐ-யோட மெமரி 4 ஜிபிதான்னாலும் வேகத்தில் 970-க்கு கீழே. எஸ்எஸ்டியோ தெளிவான அரியர்: மொத்தமே 128 ஜிபி, அதில் பாதி விண்டோஸ் தின்னுட்டது. அப்போ 2,999-ங்கிறது வெறும் நுழைவுக் கட்டணம். அதுக்கு மேல ஒரு எஸ்எஸ்டி, முடிஞ்சா இன்னொரு 8 ஜிபி ராம். ரிட்சி தெருவுக்குப் போய் விசாரிச்சுப் பார்த்தேன். 2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிக்கிட்டே இருக்கு, ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி எல்லாம் போகுது. ப்ளேஸ்மென்ட்டிலும் ஏஐ, கேமிலும் ஏஐ, எங்கே திரும்பினாலும் அவரே.

‘ஸ்டீம்லதான் ரீஃபண்ட் இருக்கே, வாங்கிப் பாரு, ஓடலைன்னா திருப்பிக் கொடு’ன்னு நீங்க சொல்வீங்க. என் ரூம்மேட்டும் அதைத்தான் சொன்னான். வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கும் குறைவா விளையாடி இருந்தா காசு திரும்ப வரும். நல்ல விதிதான். நிறைய பேர் இதை நம்பித்தான் பழைய மெஷினுக்குப் புது கேம் வாங்குறாங்க. ஆனா இந்த மாதிரி கேமுக்கு அந்த 2 மணி நேரம் ஒண்ணுமே சொல்லாது. ஏன்னா கதையோட ஆரம்பத்தில் வர்றது ஒரு கடற்கரை. விழுந்து நொறுங்கின ஒரு பறக்கும் கப்பல், மணல், நாலஞ்சு எதிரிங்க. அதுவரைக்கும் 1050 டிஐ-யும் சமாளிக்கும், யூட்யூபில் பழைய கார்டில் ஓட்டிக் காட்டுறவங்கள்ல நிறைய பேர் காட்டுறதும் இந்தப் பகுதியைத்தான். மூணாவது பகுதியில்தான் பால்டர்ஸ் கேட் நகரத்துக்குள்ளேயே நுழைவோம். தெரு முழுக்க ஆளுங்க, எல்லாருக்கும் ஒரு வேலை, ஒரு பேச்சு. அங்கே நல்ல நல்ல பிராசசரே திணறுச்சுன்னு கேம் வந்த புதுசிலேயே பேச்சு. அந்த இடத்துக்குப் போய்ச் சேர எழுபது, எண்பது மணி நேரம் ஆகலாம். அப்போ ரீஃபண்ட் பட்டன் எங்கே இருக்கும்? முதல் இன்டர்னல் மார்க்கை வெச்சு செமஸ்டர் ரிசல்ட் சொல்ற மாதிரிதான் இது.

இன்னொண்ணு. மைக்ரோசாஃப்ட்டோட சின்ன எக்ஸ்பாக்ஸான சீரிஸ் எஸ்-ல் மொத்த மெமரி 10 ஜிபி. ஒரே திரையில் ரெண்டு பேர் விளையாடுற வசதியை அதில் கொண்டுவர முடியாமலே எக்ஸ்பாக்ஸ் பதிப்பு தள்ளிப் போச்சு. கடைசியில் 2023 டிசம்பரில், சீரிஸ் எஸ்-க்கு மட்டும் அந்த வசதி இல்லாமலேயே வெளியிட்டாங்க. கேமைச் செஞ்சவங்களே 10 ஜிபியோட மல்லுக்கட்டி இருக்காங்க. 8 ஜிபியில் க்ரோம் டேபையும் திறந்து வெச்சிருக்கிற நான் எம்மாத்திரம்?

இதே லேப்டாப்பில்தான் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் இருக்கு. ஃபேன் ஏற்கனவே மாவு மில் மாதிரி சத்தம் போடுது. எண்பது மணி நேரம் வறுத்து எடுத்து, பிப்ரவரியில் இது மண்டையைப் போட்டா, கடைசி ரிவ்யூவுக்கு நான் என்ன கொண்டு போவேன்?

வீட்டில் இன்னொரு வழக்கு. பொங்கல் லீவில் அப்பாகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். ‘மூவாயிரம் ரூபாய்க்கு கேமா?’ன்னு ஆரம்பிச்சு ரெண்டாவது நிமிஷம் ஆன்லைன் ரம்மிக்குப் போயிட்டார். அவர் மேல தப்பில்லை, பேப்பரில் அவர் படிச்ச கேம் செய்தி எல்லாம் கடன், தற்கொலைன்னுதான் இருந்திருக்கு. காசு வெச்சு ஆடுறது வேற, கதை விளையாடுறது வேறன்னு அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியா ஒரு ஆயுதம் எடுத்தேன். ‘ஏம்பா, 2022-ல செஸ் ஒலிம்பியாட் நம்ம மாமல்லபுரத்துல பூஞ்சேரியில நடந்தப்போ, 180 நாட்டுக்கு மேல வந்துருக்காங்கன்னு நீங்கதானே பெருமையா சொன்னீங்க? செஸ்ஸும் கேம்தானே?’ அப்பா யோசிச்சார். ‘செஸ்ஸுக்கு என்னடா கிராபிக்ஸ் கார்டு?’ன்னு கேட்டார். பதில் இல்லை. இன்னிக்கு வரைக்கும் இல்லை.

சரி, அப்போ வேணாம்னு விட்டுட வேண்டியதுதானே? அங்கேதான் நிஜமான சிக்கல். எனக்கு இந்த கேம் தனியா விளையாட வேணாம். இது நாலு பேர் சேர்ந்து விளையாடுற கதை. நாங்களும் நாலு பேர். நான், தருமபுரிக்கார ரூம்மேட், திருக்கழுக்குன்றத்தில் இருந்து பஸ்ஸில் வர்ற டே ஸ்காலர் பொண்ணு, அப்புறம் மாமல்லபுரத்து நண்பன். முதல் வருஷம் கணக்குப் பரீட்சையில் நாலு பேருமே ஒண்ணா கோட்டை விட்டதில் ஆரம்பிச்ச நட்பு. மே மாசத்துக்கு மேல ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தி கோயம்புத்தூர், ஒருத்தன் எங்கேன்னு அவனுக்கே தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு நான் சம்பாதிச்சு 16 ஜிபி, 32 ஜிபின்னு வாங்கலாம். கேம் அப்பவும் இருக்கும், விலைகூட குறையலாம். ஆனா நாலு பேரும் ஒரே நேரத்தில் சனிக்கிழமை ராத்திரி ஃப்ரீயா இருப்போமா? சீனியர்களைக் கேட்டுப் பாருங்க. அவங்க வாட்ஸாப் குரூப்பில் இப்போ ஓடுறது எல்லாம் பிறந்தநாள் கேக் எமோஜிதான்.

‘காத்திரு, பேட்ச் வரும், தள்ளுபடி வரும்’ங்கிறது நல்ல அறிவுரை. நானே நிறைய பேருக்கு சொல்லி இருக்கேன். அதைச் சொல்றவங்க கணக்கில் லேப்டாப்போட வயசு மட்டும்தான் இருக்கு, நம்ம வயசு இல்லை. (காத்திருந்தாலும் எல்லாத்துக்கும் பேட்ச் வராது. பஞ்ச ரதத்தைப் பாருங்க, பாதி வேலையில் விட்டுட்டுப் போய் சுமார் 1,300 வருஷம் ஆச்சு.)

ரூம்மேட் ஒரு வழி சொன்னான், பென் டிரைவோட. நீங்க நினைக்கிறது அதேதான். பள்ளிக்கூட காலம் முழுக்க நானும் அப்படித்தான் விளையாடினேன், உத்தமன் வேஷம் போடல. ஆனா ரெண்டாம் வருஷம் நாங்க நாலு பேரும் ராத்திரி பகலா உட்கார்ந்து ஒரு பஸ் டைமிங் ஆப் செஞ்சோம். அதை யாரோ பேரை மட்டும் மாத்தி வேற ஒரு சிம்போசியத்தில் வெச்சு பரிசும் வாங்கினாங்க. அன்னிக்கு எனக்கு வயித்தில் எரிஞ்சது இன்னும் அணையல. லேரியன் ஆளுங்க இதுக்கு ஆறு வருஷம் உழைச்சிருக்காங்க. 2,999 ரூபாய் நமக்கு அதிகம்தான். அதிகம்னா வாங்காம இருக்கலாம். எடுத்துக்கலாம்னு எனக்கு இனிமே சொல்ல வரல. இதில் உங்களுக்கு வேற கருத்து இருந்தா மெஸ்ஸில் சண்டை போடலாம், நான் தயார்.

கிளவுட் கேமிங்? ராத்திரி பதினோரு மணி ஹாஸ்டல் வைஃபை. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

ஒரு வழியா எங்களுக்கு புத்தி வந்தது மாமல்லபுரத்தில்தான். நண்பன் வீட்டை ஒட்டியே அவங்க அப்பாவோட சிற்பப் பட்டறை. பகல் முழுக்க கிரைண்டர் ஓடும், கருங்கல் தூசி பறக்கும், சாயங்காலம் உப்புக் காத்து வேற. அவன் லேப்டாப் ஏழாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டே கிடையாது. யுஎஸ்பி ஓட்டை ரெண்டு துருப்பிடிச்சிருக்கு. மாசத்துக்கு ஒருதடவை அவங்க அப்பா கல்லு தூசி ஊதுற புளோயரை எடுத்து லேப்டாப்பையும் ஒரு ஊது ஊதித் தருவார். நான் மூணு வாரமா என் 1050 டிஐ தாங்குமா, என் எஸ்எஸ்டி பத்துமான்னே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அவன் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘டேய், எனக்கு இது ஓபனே ஆகாதுடா. நீங்க மூணு பேரும் விளையாடுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து பாக்குறேன்’னு சொன்னான். சாதாரணமாத்தான் சொன்னான். பஸ்ஸில் செங்கல்பட்டு திரும்புற வழி முழுக்க எனக்கு அது உறுத்திக்கிட்டே வந்தது, கொளவாய் ஏரி தாண்டுற வரைக்கும்.

அதனால கேள்வியை மாத்திட்டேன். என் லேப்டாப்பில் ஓடுமாங்கிறது தப்பான கேள்வி. நாலு பேர்ல இருக்கிறதிலேயே மோசமான லேப்டாப்பில் எது ஓடும்? நீங்களும் கூட்டமா விளையாடுற கேம் வாங்கப் போறீங்கன்னா தயவுசெஞ்சு அங்கே இருந்து ஆரம்பிங்க.

பதில் அதே லேரியன்கிட்டயே இருந்தது. டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2. 2017 செப்டம்பரில் வந்தது. இதுவும் சீக்வல்தான், முதல் பாகம் 2014-ல். மந்திரம், வாள், நாலு பேர் கூட்டணி எல்லாம் உண்டு. பால்டர்ஸ் கேட் 3-ல் நாம வாயைப் பிளக்கிற பல விஷயங்களுக்கு ஒத்திகை இதில்தான் நடந்திருக்கு. எண்ணெயைக் கொட்டித் தீ வைக்கிறது, மழையை வரவெச்சு மின்னல் பாய்ச்சுறதுன்னு சண்டையில் இயற்பியல் லேப் நடத்தலாம். இது கேக்கிறது 4 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 550, 60 ஜிபி இடம். 4 ஜிபி மெமரி மட்டுமே உள்ள நின்டெண்டோ ஸ்விட்ச்சிலேயே 2019-ல் இதை ஓட்டிக் காட்டிட்டாங்க. 2018-ல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் கடைசிப் பகுதியைத் திருத்தியும் எழுதிட்டாங்க, அதாவது ஏழெட்டு வருஷம் லேட்டா போறதில் நமக்கு லாபம்தான். தள்ளுபடி நேரத்தில் நல்லாவே விலை இறங்கும். பால்டர்ஸ் கேட் 3-க்கோ நான் பார்த்தவரை 25 சதவீதத்துக்கு மேல குறைச்சதில்லை.

நண்பன் லேப்டாப்பில் கார்டு இல்லையேன்னு கேப்பீங்க. வாங்கி டெஸ்ட் பண்ணோம், இந்தத் தடவை ரீஃபண்ட் விதி நிஜமாவே உதவுச்சு. ரெசல்யூஷனை 720-க்கு இறக்கி, எல்லாத்தையும் லோ-வில் வெச்சா விநாடிக்கு இருபது, இருபத்திரெண்டு ஃப்ரேம். ஷூட்டிங் கேமா இருந்தா தலைவலி வந்திருக்கும். இது முறை வெச்சு ஆடுற கேம். நம்ம முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும், முறை வந்தா எவ்வளவு நேரம் வேணும்னாலும் யோசிக்கலாம். இருபது ஃப்ரேமில் யோசிக்கிறதும் அறுபது ஃப்ரேமில் யோசிக்கிறதும் ஒண்ணுதான். இதிலும் கதை ஒரு கப்பல் உடைஞ்சு கடற்கரையில் ஒதுங்குறதில்தான் தொடங்குது. ‘எங்க ஊரு மாதிரியே இருக்கு’ன்னான்.

முழு சந்தோஷம்னு சொன்னா பொய். ரெண்டுக்கும் நடுவில் ஆறு வருஷ வித்தியாசம் இருக்கு, அது தெரியத்தான் செய்யுது. பால்டர்ஸ் கேட் 3-ல் பேசும்போது ஒவ்வொரு முகத்திலும் தெரியுற உணர்ச்சி இதில் இல்லை, மேல இருந்து குட்டிக் குட்டி உருவங்களைத்தான் பார்க்கணும். இருபது முகப் பகடையும் இல்லை. அந்த 2,999 இன்னும் விஷ்லிஸ்ட்டில் இருக்கு, அழிக்கல.

இந்த சனிக்கிழமை சாயங்காலம் கிரைண்டரை நிறுத்தினதும் பட்டறைக்குப் பக்கத்து ரூமில் ஆரம்பிக்கிறோம். வைஃபையை நம்பல, லேன் போட்டுடலாம்னு முடிவு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டு தேத்தியாச்சு. பத்து மீட்டர் லேன் கேபிள் யார்கிட்டயாவது இருந்தா மூணாவது மாடிக்கு வந்து சொல்லுங்க, திங்கட்கிழமை திருப்பித் தந்துடுறேன்.