காற்றைப் பார்த்து உடுத்துவதா, கடலைப் பார்த்து உடுத்துவதா?

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் மே மாதம் பிறந்துவிட்டால் தூண்டில்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்னும் வரிமீன் தெற்கேயிருந்து கூட்டங் கூட்டமாகக் கரையோரம் வந்து சேருகிற காலம் அது. மரங்கள் துளிர்த்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், சில நாட்களில் உஷ்ணம் 25 டிகிரி சென்டிகிரேடைக்கூடத் தொட்டுவிடும். அரைக்கைச் சட்டையும் அரை நிஜாருமாகப் பலர் 'கயாக்' என்னும் சிறு துடுப்புப் படகைத் தண்ணீரில் தள்ளி ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீரை எத்தனை பேர் தொட்டுப் பார்க்கிறார்கள்? கரைக்கு வசந்தம் வந்துவிட்டதே தவிர, கடலுக்கு இன்னும் வரவில்லை. வெளிக்கடலில் நீரின் உஷ்ணம் 10, 12 டிகிரியைச் சுற்றியே நிற்கும்.

கயாக்கில் மீன்பிடிக்கப் போகிறவர் அன்றைய வெயிலுக்குத் தகுந்தபடி உடுத்த வேண்டுமா, அன்றைய தண்ணீருக்குத் தகுந்தபடியா என்ற கேள்வி அங்கே நெடுநாளாக அடிபடுகிறது. அதற்கு ஒரே விடைதான் உண்டு. தண்ணீருக்குத் தகுந்தபடிதான். மற்றதெல்லாம் உயிரைப் பணயம் வைத்து ஆடும் சூதாட்டமே.

படகு வந்தது, உடை வரவில்லை

கயாக் என்பது நேற்று முளைத்த விளையாட்டுச் சாமான் அல்ல. கிரீன்லாந்து, அலாஸ்கா முதலிய வடதுருவப் பிரதேசங்களின் மக்கள் சீல் வேட்டைக்காகக் கண்டுபிடித்த படகு அது. மரச் சட்டத்தின் மேல் தோலை இழுத்துத் தைத்து அதைச் செய்தார்கள். அதோடு நின்றார்களா? சீல் தோலாலும், விலங்குகளின் குடல் சவ்வாலும் தண்ணீர் புகாத மேலங்கி தைத்துக்கொண்டார்கள். அங்கியின் கீழ்விளிம்பைப் படகின் வாயோடு சேர்த்துக் கட்டி, முகத்தையும் மணிக்கட்டையும் சுற்றி இறுக்கிக்கொண்டால், படகு கவிழ்ந்தாலும் உள்ளே நீர் புகாது. அவர்களுக்குப் படகு வேறு, உடை வேறு அல்ல. இரண்டும் சேர்ந்ததுதான் கயாக்.

இன்று பிளாஸ்டிக்கில் வார்த்த கயாக்கை வாங்குகிறவர்கள் படகை மட்டும் எடுத்துக்கொண்டு உடையை விட்டுவிட்டார்கள். பாதிப் பாடத்தைப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போவதைப் போன்றது இது.

முதல் நிமிஷத்து எமன்

குளிர்ந்த நீரில் விழுந்தவர் மெல்ல மெல்ல விறைத்துத்தான் இறப்பார் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பெரும் பிழை. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் அதற்கு முன்பே அபாயம் வந்துவிடுகிறது. குளிர்நீர் திடீரென்று மேலே பட்டதும் மனிதன் தன்னை அறியாமல் வாயைத் திறந்து மூச்சை இழுக்கிறான். அந்த வேளையில் தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றல்ல, தண்ணீர். பிறகு மூச்சு அடக்க முடியாதபடி இரைக்கிறது, இதயம் படபடக்கிறது. இந்த அதிர்ச்சி உச்சத்துக்கு வர நீர் உறைநிலையில் இருக்க வேண்டும் என்பதில்லை. 10 முதல் 15 டிகிரி நீரே அதற்குப் போதும். மே மாதத்து மாஸசூஸெட்ஸ் கடல் சரியாக அந்த நிலையில்தான் இருக்கிறது!

கனடாவில் மானிடோபா சர்வகலாசாலையின் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 'ஒன்று, பத்து, ஒன்று' என்று சுருக்கிச் சொல்வார். மூச்சை வசப்படுத்த 1 நிமிஷம். கைகால்கள் சொன்னபடி கேட்க 10 நிமிஷம். நினைவு தப்புவதற்கு 1 மணி நேரம். பத்து நிமிஷம் கடந்தபின் கவிழ்ந்த படகின் மேல் ஏறவோ, உதவி கேட்கும் கருவியின் பொத்தானை அழுத்தவோ விரல்கள் உதவமாட்டா.

மீன்பிடிக்காரரின் நிலைமை மற்றப் படகுக்காரரைவிட மோசமானது. துடுப்புப் போட்டுக்கொண்டே இருப்பவருக்கு உடம்பில் சூடு பிறக்கும். இவரோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மீன் கடித்ததும் ஒரு பக்கமாகச் சாய்கிறார். பெரும்பாலும் விடியற்காலையில், தன்னந்தனியே போகிறார்.

எந்த உடை நல்லது?

கடையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. முதலாவது 'வெட் ஸூட்' என்னும் ரப்பர் உடை. கலிபோர்னியா சர்வகலாசாலையின் பௌதிக நிபுணர் ஹியூ பிராட்னர் 1950-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் ரப்பர்தான் இதில் குளிரைத் தடுக்கிறது. உடம்பை ஒட்டிப் பிடித்தாலன்றி இதனால் பிரயோஜனம் இல்லை. தொளதொளவென்றிருந்தால் குளிர்நீர் உள்ளே புகுந்து புகுந்து வெளியேறும். நனைந்தபின் காற்றில் உட்கார்ந்திருந்தாலும் குளிரெடுக்கும். விலை குறைவு, கிழிந்தாலும் முழுவதும் வீணாகாது. கோடையின் முடிவில், நீர் சற்றுத் தணிந்திருக்கும் நாட்களுக்கு இது போதும்.

இரண்டாவது 'டிரை ஸூட்'. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம் இறுகப் பிடித்து, தண்ணீரை அறவே உள்ளே விடாத உடை. ஆனால் இது நீரைத் தடுக்குமே தவிர, தானாகக் கதகதப்பைத் தராது. அதைத் தருவது உள்ளே அணியும் கம்பளி உடுப்புதான். பருத்தி பனியன் கூடவே கூடாது; வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிர வைத்துவிடும். ஜிப்பை முழுவதும் இழுத்து மூடினோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பதும், தூண்டில் முள்ளும் கத்தியும் பட்டுக் கிழியாமல் காப்பதும் அவசியம். அசையாமல் உட்கார்ந்து மீன்பிடிக்கிறவருக்கு, வசந்த காலத்தில், இதற்கு இணையானது வேறில்லை.

ஆற்றில் நின்று மீன்பிடிப்பவர்கள் மார்பு வரை அணியும் நீர்புகாக் கால்சட்டையைக் கயாக்கிலும் போட்டுக்கொள்வோர் உண்டு. படகில் உட்கார்ந்திருக்கும்போது நனையாமல் காக்கும் உடை அது. கவிழ்ந்தால் மேல்வாய் வழியாக நீர் புகுந்துவிடும். நீர் நிரம்பிய கால்சட்டையோடு படகின் மேல் ஏறுவது எளிதா? இதைப் பாதுகாப்பு உடை என்று சொல்வது பெயருக்குத்தான் பொருந்தும்.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

உயிர்காப்புச் சட்டை இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். அது வேண்டும், ஆனால் போதாது. 1912-ஆம் ஆண்டு டைட்டானிக் மூழ்கியபோது உயிர்காப்புக் கச்சையுடன் நீரில் மிதந்தவர்களில் மிகப் பலரைக் கொன்றது குளிர். மாஸசூஸெட்ஸ் சட்டம் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை கயாக்காரர்கள் அந்தச் சட்டையை அணிந்தே தீரவேண்டும் என்கிறது. மே 16-ஆம் தேதி கடல் வெதுவெதுப்பாகிவிடுகிறதா? சட்டம் காலண்டரைப் பார்க்கிறது. தூண்டில்காரர் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

வெயிலில் அந்த உடை புழுங்குகிறது என்பது இரண்டாவது ஆட்சேபம். உண்மைதான். கையால் நாலு வாரித் தண்ணீரை மேலே தெளித்துக்கொண்டால் தணிந்துவிடும். புழுக்கத்துக்கு மருந்து படகைச் சுற்றிலும் இருக்கிறது. குளிருக்கு மருந்து அங்கே இல்லை.

விலை அதிகம் என்பது மூன்றாவது. நல்ல டிரை ஸூட் ஆயிரம் டாலரையும் தாண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் படகு வாங்கி, மீன் இருக்குமிடம் காட்டும் கருவியையும் பொருத்திக்கொண்டவர் இதைச் சொல்லலாமா? கைப்பணம் உண்மையாகவே குறைவானால் அதற்கும் வழி உண்டு. ஜூலை வரை கரையில் நின்று தூண்டில் போடலாம். வரிமீன் கரைக்கும் வருகிறது.

படகு விற்கும் கடைக்காரர்களும் மீன்பிடிச் சங்கத்தாரும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. புதிதாகப் படகு வாங்க வருகிறவரிடம், தண்ணீரில் என்ன உடுத்தப் போகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். வாங்கியவரும், உடையை அணிந்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கரையோரத்து ஆழமற்ற நீரில் ஒருமுறை வேண்டுமென்றே விழுந்து பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் அந்த நீரில் நிற்க முடியாத உடையோடு ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். மீன் அடுத்த ஆண்டும் வரும். அதைப் பிடிக்க ஆள் இருக்க வேண்டாமா?